பெனிட்டாக்காவின் முதுகு

கிரேட் நிக்கோபார் தீவின் கேம்பல் பேயில் பெனிட்டாக்காவின் முகத்தைப் பார்த்தவர்களைவிட முதுகைப் பார்த்தவர்கள் அதிகம். கேலிக்குச் சொல்லவில்லை. பன்றிக்கறியோ, பிளாஸ்டிக் வாளியோ, கக்கூஸ் கழுவும் முறையோ, எதைப் பங்கு போடுவதானாலும் அக்காவைக் கூப்பிட்டு, அவளை அந்தப் பக்கம் திருப்பி உட்கார வைத்துவிட்டுத்தான் எங்கள் வரிசையில் பேச்சையே ஆரம்பிப்போம்.

இதை எழுத எனக்கு என்ன தகுதி என்று யாராவது கேட்பதற்கு முன் சொல்லிவிடுகிறேன். என் பெயர் ஆவுடையப்பன். இங்கே பள்ளி ஆசிரியர். அதைவிட முக்கியமாக, அஞ்சல்வழியில் எம்.ஏ. தத்துவம் படித்தவன். மெயின்லேண்டிலிருந்து பாடப் பார்சல் போர்ட் பிளேருக்கு வந்து, அங்கே கப்பலுக்குக் காத்திருந்து, இங்கே வந்து சேர்வதற்குள் பரீட்சையே முடிந்துவிடும். அதனால் அறவியலும் அரசியல் தத்துவமும் சேர்ந்த தாளை மூன்று தடவை எழுதினேன். ‘நியாயமான பங்கீடு என்றால் என்ன?’ என்ற கேள்வி மூன்று தடவையும் வந்தது. மூன்று தடவையும் விடைத்தாளில் என்னத்தையோ எழுதிவைத்தேன். விடை என் வீட்டுத் தகரச் சுவருக்கு அந்தப் பக்கம் மீன் கழுவிக்கொண்டிருந்தது எனக்குத் தெரியாது.

சுனாமிக்குப் பிறகு எங்களைத் தகர வீடுகளில் வைத்தார்கள். வரிசைக்குப் பன்னிரண்டு குடும்பம். பக்கத்து வீட்டில் மிளகாய் வறுத்தால் நமக்குத் தும்மல் வரும். என் இடப்பக்கம் சுபேதார் சாப். முன்னாள் ராணுவத்தாருக்கு இந்தத் தீவில் நிலம் கொடுத்த காலத்தில் பஞ்சாபிலிருந்து வந்தவர். வலப்பக்கம் பெனிட்டாக்காவும் அவள் புருஷன் ஜேசுதாசன் அண்ணனும், தூத்துக்குடிப் பக்கத்துக் கடற்கரைக்காரர்கள். அண்ணன் படகுத்துறையில், இங்கே ஜெட்டி என்போம், எஞ்சின் ரிப்பேர் பார்ப்பவர். அலையில் வந்த மரம் இடித்து அவருடைய வலது முட்டி நொறுங்கிப்போயிருந்தது. வரிசையின் கடைசி வீட்டில் நாகராஜ். இலங்கை மலைத்தோட்டத்தில் பிறந்து, கச்சால் தீவின் ரப்பர் தோட்டத்தில் சங்கம் நடத்தி, எல்லாம் போனபின் மனைவியின் சொந்தங்கள் இருக்கும் எங்கள் ஊருக்கு வந்தவர். தூக்கத்தில்கூட மனு எழுதுகிற ஆள்.

முதல் நிவாரண மூட்டை வந்தபோது பெரிய சண்டை. நிக்கோபார் வெயிலுக்கு யாரோ ஸ்வெட்டர் அனுப்பியிருந்தார்கள். வெந்நீர்ப் பை, கழுத்து டை, காய் இல்லாத கேரம் போர்டு, ஜோடி தவறிய செருப்புகள். யாருக்கு எது? தீவுக்கு முதலில் வந்தவனுக்கு முதலில் என்றார் சுபேதார் சாப். சீனியாரிட்டி இல்லாத இடத்தில் டிசிப்ளின் இருக்காதாம். அதிகம் இழந்தவனுக்கு அதிகம் என்றார் நாகராஜ். சொன்னதோடு நிற்காமல் ஒரு நோட்டை எடுத்துக்கொண்டு வீடு வீடாகப் போய் யார் யார் என்னென்ன இழந்தார்கள் என்று குறித்தார். எங்கள் வரிசையில் யாரிடமும் இல்லாத ஆடுகள் எல்லாம் அலையில் போயிருந்தது அன்றைக்குத்தான் தெரிந்தது. நானும் சும்மா இருக்கவில்லை. எனக்கு அதுவரை வந்திருந்தது பாடநூலின் இரண்டாம் பாகம் மட்டும். அதிலிருந்து முக்கால் மணி நேரம் பேசினேன். முதல் பாகத்தில் சொன்னதையெல்லாம் மறுத்து எழுதிய பாகம் அது. முதல் பாகம் என்ன சொன்னதென்று யாருக்கும் தெரியாததால் என் பேச்சும் யாருக்கும் புரியவில்லை. இரண்டு நாள் இப்படிப் போனது. ஸ்வெட்டர்கள் மழையில் நனைந்தன.

மூன்றாம் நாள் பெனிட்டாக்கா கையைத் துடைத்துக்கொண்டு வெளியே வந்தாள். மீன் பங்கு போடுகிற மாதிரி போடச் சொன்னாள். அவள் அப்பாவின் வள்ளத்தில், பிடித்த மீனை ஆட்களின் எண்ணிக்கைக்குக் கூறு கூறாக மணலில் வைப்பார்களாம். ஒருவர் கடலைப் பார்த்துத் திரும்பிக்கொள்வாராம். இன்னொருவர் ஒரு கூறைத் தொட்டு ‘இது யாருக்கு’ என்று கேட்க, திரும்பி நிற்பவர் வாயில் வந்த பெயரைச் சொல்வாராம். அவ்வளவுதான், முடிந்தது.

“கூறு வைக்கவனுக்கு எது தன் கூறுன்னு தெரியக்கூடாது மாஸ்டர். தெரியலன்னா, எவனும் சொல்லாமலே சமமா வைப்பான்” என்றாள்.

பிறகு முதல் பாகம் வந்து சேர்ந்தபோது எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. அதில் இதைத்தான் அறுநூறு பக்கத்துக்கு எழுதியிருந்தார்கள். அவரவர் நிலை அவரவருக்குத் தெரியாமல் இருந்தால் எப்படிப்பட்ட விதியை ஏற்பார்கள், எதனால் ஏற்பார்கள் என்று அடிக்குறிப்பு மேல் அடிக்குறிப்பு. ஒரு அடிக்குறிப்பில்கூட மீன் இல்லை.

பன்னிரண்டு கூறு வைத்தோம். அக்கா எங்களுக்கு முதுகைக் காட்டிக் கடலைப் பார்த்து உட்கார்ந்தாள். அந்த நாட்களில் எங்களில் ஒருவருக்கும் கடலைப் பார்க்கவே பிடிக்காது. நாகராஜ் தொட்டுத் தொட்டுக் கேட்க, அவள் பெயர் சொன்னாள். சுபேதார் சாபுக்குப் பால் பாட்டிலும் மூன்று டையும் விழுந்தன. அவர் ஒரு டையை அங்கேயே கட்டிக்கொண்டார். அதன்பின் ஒரு மணி நேரம் ஆளுக்கு ஆள் மாற்றிக்கொண்டோம், ஒரே சந்தை இரைச்சல். அக்கா மட்டும் மாற்றவில்லை. பெயர் கூப்பிடுகிறவள் தன் பங்கை மாற்றிக்கொண்டால் பிறகு அவள் முதுகை எவன் நம்புவான் என்று கேட்டாள். அவளுக்கு விழுந்தது ஒரு கம்பளிக் குல்லாயும் இரண்டு இடது கால் செருப்பும். அண்ணனுக்கு வலது காலில் மாவுக்கட்டு. ஒன்றைப் போட்டுக்கொண்டு இன்னொன்றை ஸ்பேராக வைத்துக்கொண்டார்.

அன்றிலிருந்து அவள் முதுகுக்கு ஓய்வில்லை. தண்ணீர் லாரி வந்தால் முதுகு. கிறிஸ்துமஸ் பன்றி வெட்டினால் முதுகு. பக்கத்து வரிசைத் தெலுங்குக்காரர்கள்கூட வந்து அழைத்துப் போவார்கள். அவளும் அந்தப் பதவியைக் கொஞ்சம் அதிகமாகவே மதித்தாள். யார் வீட்டில் என்ன குறை என்று தெரிந்தால் வாய் தானாக அந்தப் பக்கம் சாயும் என்று சொல்லி, ஊர்க்கதை கேட்பதை விட்டாள். தண்ணீர்க் குழாயடியில் பெண்கள் பேச ஆரம்பித்தால் குடத்தைப் போட்டுவிட்டு வந்துவிடுவாள். அவளுக்கு அடுத்த வீட்டு நீலாவதி கர்ப்பமாக இருப்பதே ஒன்பதாவது மாதம்தான் அவளுக்குத் தெரிந்தது. அதுவும் பிரசவ வலி எடுத்து, சுவர் வழியாகச் சத்தம் கேட்டதால்.

நாகராஜுக்கு இந்த முறை பிடிக்கவே இல்லை. ஒருமுறை தையல் மெஷின் ஒன்று வந்தது. நீலாவதி தையல்காரி, மெஷினை அலைக்குக் கொடுத்தவள். அது சுபேதார் சாபுக்குப் போனது. அவர் அதற்குத் தினமும் எண்ணெய் போட்டு, துடைத்து, வாசலில் பீரங்கி மாதிரி நிறுத்திவைத்தார். முதுகுக்குப் பசி தெரியாது, கண்ணைத் திறந்து தேவையைப் பார்க்க வேண்டும் என்று நாகராஜ் பதினோரு பக்க மனு எழுதினார். யாருக்கு எழுதுவது என்று தெரியாமல் என்னிடம் கொடுத்தார். நான் தேவை, உரிமை, வாய்ப்பு என்று மூன்று தலைப்பில் பதில் எழுதினேன். எங்கள் கடிதப் போர் குடியரசு தினம் வரை நீடித்தது. அன்று கொடியேற்றிவிட்டு, சுபேதார் சாப் மெஷினை நீலாவதிக்கு சல்யூட்டோடு கொடுத்தார். அவரவர் வாதம்தான் ஜெயித்தது என்று நாகராஜும் நானும் தனித்தனியாக நம்பினோம்.

ஐந்து வருடம் கழித்து நிரந்தர வீடுகள் தயாராயின. பன்னிரண்டும் ஒரே அச்சு. ஆனால் மலைச்சரிவில் ஒன்றுக்கு மேல் ஒன்றாகக் கட்டிவிட்டார்கள். கீழ் வீட்டுக்குப் படியே கிடையாது, ரோட்டிலிருந்து நேராக உள்ளே நுழையலாம். உச்சி வீட்டுக்கு ஐம்பத்து நான்கு படி. சனிக்கிழமை கப்பலில் வரும் அதிகாரியிடம், யாருக்கு எந்த வீடு என்று நாங்களே பேசி முடித்து ஒரு பட்டியல் கொடுத்துவிட வேண்டும் என்று சொல்லியிருந்தார்கள்.

அண்ணனால் சேர்ந்தாற்போல் மூன்று படி ஏற முடியாது. இடது காலை வைத்து, வலது காலைக் கையால் தூக்கி வைத்து ஏறுவார். பல்லைக் கடித்துக்கொண்டிருப்பது தெரியும். கீழ் வீடு கிடைக்காவிட்டால் ஜெட்டி வேலை அவ்வளவுதான். அக்காவும் அவரும் பிழைத்ததே அந்த வேலையில்தான்.

வெள்ளிக்கிழமை என் வீட்டில் ரகசியக் கூட்டம். ஐந்து வருடத்தில் முதல் தடவையாக சுபேதார் சாபும் நாகராஜும் நானும் ஒரே முடிவுக்கு வந்தோம், மூன்று வேறு வழியாக. தேவை அதிகம், ஆகவே கீழ் வீடு ஜேசுதாசனுக்கு என்றார் நாகராஜ். அடிபட்ட ஜவானை மேலே ஏற விட்டுவிட்டு மற்றவன் கீழே படுப்பது ரெஜிமென்ட்டுக்கே அவமானம் என்றார் சுபேதார் சாப். நான் இரண்டு பாகத்திலிருந்தும் மேற்கோள் காட்டினேன். மற்ற குடும்பங்களும் மறுப்புச் சொல்லவில்லை. ஆனால் அக்காவிடம் இதைச் சொல்ல முடியாது. சொன்னால் முதுகைத் திருப்பாமலே உச்சி வீட்டை எடுத்துக்கொள்வாள். ஆகவே, நாகராஜ் கீழ் வீட்டைத் தொட்டுக் கேட்கும்போது நான் ஒருமுறை இருமுவது, அதைக் கேட்டு அவளாகவே புரிந்துகொண்டு அண்ணன் பெயரைச் சொல்வது என்று திட்டம். இருமலை என்னிடம் ஏன் ஒப்படைத்தார்கள் என்று இன்றுவரை எனக்குப் புரியவில்லை.

மறுநாள் மைதானத்தில் கரும்பலகையை வைத்துப் பன்னிரண்டு வீட்டையும் வரைந்தேன். அக்கா திரும்பி உட்கார்ந்தாள். நாகராஜ் குச்சியால் தொட்டுத் தொட்டுக் கேட்டுக்கொண்டே போனார். நான்காவது வீட்டில், சாக்பீஸ் தூள் தொண்டையில் இறங்கி, நிஜமாகவே இருமல் வந்தது. அடக்கினேன். கண்ணில் தண்ணீர் வந்தது. ஐந்து, ஆறு, ஏழு என்று அடக்கினேன். எட்டாவதாகக் கீழ் வீட்டைத் தொட்டபோது, அதுவரை சேர்ந்ததெல்லாம் சேர்ந்து வெடித்தது. ஒன்றல்ல, பதினைந்து இருமல் இருக்கும். பாதியில் சுபேதார் சாப், நான் சரியாகச் செய்யவில்லை என்று நினைத்து, அவரும் இருமினார். நீலாவதி இருமினாள். வரிசையே இருமியது.

முதுகுக்குக் கோபம் வரும் என்று அன்றுதான் பார்த்தேன். தோள் இரண்டும் மேலே ஏறி விறைத்தன. “உதயசூரியன்” என்றாள்.

உதயசூரியன் தென்னை ஏறுகிற ஆள். கட்டைப் பிரம்மச்சாரி. ஒரு நாளைக்கு நாற்பது மரம் ஏறி இறங்குவான். எங்கள் ஊரிலேயே படி தேவைப்படாத ஒரே மனிதனுக்குப் படி இல்லாத வீடு போனது. நாகராஜ் அடுத்த வீட்டைத் தொட்டார். எது என்று தெரியாமலே, “ஜேசுதாசன்” என்று அடித்துச் சொன்னாள் அக்கா. அது உச்சி வீடு.

பெரிய ரகளையானது. அவள் கண்ணைத்தான் திருப்பினாள், காதைத் திருப்பவில்லை, இருமலைக் கேட்டு வேண்டுமென்றே வேறு பெயர் சொன்னதால் இதுவும் ஒருதலைப்பட்சம், ஆகவே குலுக்கல் செல்லாது என்று நாகராஜ் வாதாடினார். நல்ல வாதம், நானே எழுதி வைத்துக்கொண்டேன். உதயசூரியன் உடனே மாற்றிக்கொள்ளலாம் என்றான். கூப்பிடுகிறவள் மாற்ற மாட்டாள் என்று அக்கா எழுந்து போய்விட்டாள். கப்பல் வந்தது, அதிகாரி பட்டியலை வாங்கிக்கொண்டு போனார்.

பிறகு ஆரம்பித்தது நாற்காலி ஊர்வலம். காலையில் அண்ணனை ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில் உட்காரவைத்து ஐம்பத்து நான்கு படி கீழே, மாலையில் மேலே. முன்காலில் நாகராஜும் உதயசூரியனும், பின்காலில் நானும் யார் அகப்படுகிறார்களோ அவர்களும். சுபேதார் சாப் பக்கத்தில் நடந்தபடி லெஃப்ட் ரைட் சொல்வார். மாதா கோயில் சப்பரம் மாதிரி இருக்கும். முதலில் அண்ணனுக்கும் சிரிப்புத்தான். வழியில் நிற்பவர்களுக்குக் கையசைப்பார். பதினெட்டாவது படியில் மூச்சு வாங்க இறக்கி வைப்போம். அங்கே நாகராஜ் தேவைக்கொள்கையை எடுப்பார், நான் நடைமுறை நியாயத்தை எடுப்பேன். இரண்டு பேரும் நாற்காலியின் ஆளுக்கொரு காலைப் பிடித்துக்கொண்டே கத்துவோம். ஒரு தடவை வாதச் சூட்டில் அவரை அங்கேயே விட்டுவிட்டு மேலே போய்விட்டோம். அண்ணன் கூப்பிட்ட பிறகுதான் ஞாபகம் வந்தது.

இரண்டு மாதம் இப்படியே நடந்தது. ஒரு மழை நாளில் என் கால் வழுக்கியது. நாற்காலி சாய்ந்து, அண்ணன் சரிந்து, கைப்பிடிக் கம்பியைப் பிடித்துத் தொங்கினார். அடி ஒன்றும் இல்லை. மறுநாள் காலை நாங்கள் போனபோது, இன்றைக்கு வேலை இல்லை என்றார். அதற்கடுத்த நாளும் இல்லை. இரண்டு வாரம் அவர் இறங்கவே இல்லை. ஜெட்டியில் எஞ்சின்கள் திறந்தபடி கிடந்தன. அவர் உச்சி வீட்டு ஜன்னலில் உட்கார்ந்து ஜெட்டியையே பார்த்துக்கொண்டிருந்தார். எனக்கு மனசு கேட்கவில்லை. இருமியவன் நான்தானே.

பதினைந்தாவது நாள் மறுபடி போய் நின்றேன். அக்கா உலை வைத்துக்கொண்டிருந்தாள். உதயசூரியன் நேற்றும் சாவியோடு வந்தான், திருப்பி அனுப்பிவிட்டேன், எல்லாருக்கும் ஒரே விதி என்று என்னிடம் சொன்னாள். தான் மாற்றினால் அவ்வளவு வருடம் கூப்பிட்ட பெயரெல்லாம் பொய்யாகிவிடுமாம். அவள் சொன்னதில் தவறே இல்லை. இதே வாதத்துக்கு எங்கள் பாடத்தில் முழு அத்தியாயம் உண்டு. நான் தலையாட்டினேன்.

அண்ணன் ஜன்னலிலிருந்து திரும்பாமலே பேசினார். கோபமே இல்லை.

“அல வந்தன்னைக்கு நான் மேட்டுக்கு ஏறிட்டேன் பெனிட்டா. தப்பிச்சாச்சு. பொறவு எறங்கி வந்தேன். வழியில ரெண்டு பேரு என்னயக் கூப்பிட்டாவ. நிக்கல. உன்னயத் தேடித்தான் வந்தேன். அது நியாயமான்னு இன்னைக்கு வரைக்கும் எனக்குத் தெரியாது. அன்னைக்கு நான் முதுகத் திருப்பிக்கிட்டு பேரு கூப்பிட்டிருந்தா, நீ இருப்பியா?”

உலை கொதித்துப் பொங்கி அடுப்பை அணைத்தது. யாரும் எடுத்து வைக்கவில்லை. என் அறுநூறு பக்கமும் எங்கே போனதோ. அக்கா முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு படி இறங்கினாள். நான் பின்னாலேயே ஓடினேன்.

கீழே ரோட்டோரம் நாற்காலி தூக்கும் கூட்டம் நின்றிருந்தது. அக்கா உதயசூரியன் முன்னால் போய் நின்றாள்.

“தம்பி, எனக்கு அந்த வீடு வேணும்” என்றாள்.

நாகராஜ் உடனே ஆரம்பித்துவிட்டார். இது தேவையின் அடிப்படையில் முற்றிலும் நியாயமான கோரிக்கை என்றார். ராணுவத்தில் இதற்கு ரூல் இருப்பதாக சுபேதார் சாப் ஹிந்தியில் இடைமறித்தார். நானும் வாயைத் திறந்தேன்.

“பஸ், போதும்” என்றாள் அக்கா. “நியாயம் கியாயம்னு ஒருத்தரும் பேசப்பிடாது. நான் நியாயம் கேட்டு வரல. எம்புருஷனுக்கு வேணும், கேக்கேன்.”

உதயசூரியன் சாவியை நீட்டினான். மூட்டை கட்டி ஒரு மாதமாகிறது, அந்த வீட்டில் ஏறுவதற்கு ஒன்றுமே இல்லாமல் காலெல்லாம் குடைகிறது என்றான். அரை மணி நேரத்தில் அண்ணனை நாற்காலியில் கடைசி முறையாக இறக்கினோம். அக்கா தானே ஒரு காலைப் பிடித்தாள். பதினெட்டாவது படியில் இறக்கி வைக்கவில்லை, யாரும் வாதாடவும் இல்லை. அன்று மத்தியானமே அண்ணன் ஜெட்டிக்குப் போய்விட்டார்.

அடுத்த வாரம் பன்றி வெட்டினார்கள். கூறு வைத்துவிட்டு, பழக்கம் விடாமல் அக்காவைக் கூப்பிடப் போனோம். அவள் வாசலில் மீன் ஆய்ந்துகொண்டிருந்தாள். பக்கத்தில் அண்ணன் ஒரு கார்புரேட்டரைக் கழற்றிப் பரப்பிவைத்திருந்தார். வர மாட்டேன் என்றாள். எவ்வளவோ சொல்லிப் பார்த்தோம். அவளைத் தவிர வேறு யாரையும் ஊர் நம்பாது என்றார் முதுகுமுறைக்குப் பரம எதிரியான நாகராஜே.

“எனக்கு ஒரு ஆளு மட்டும் வேணும்னு ஊருக்கே தெரிஞ்சு போச்சே. இனி என் முதுக யாரு நம்புவா?” என்று அக்கா கேட்டாள்.

அண்ணன் தலையை நிமிர்த்தவில்லை. ஆனால் கையில் இருந்த திருகாணி நழுவி, அவர் அதைத் தேடாமல் அப்படியே உட்கார்ந்திருந்தார். ஐம்பது வயது மனிதர் அப்படி வெட்கப்பட்டு நான் பார்த்ததில்லை. பங்கு போட அன்று என்னைத்தான் திருப்பி உட்கார வைத்தார்கள். நான் இரண்டு தடவை திரும்பிப் பார்த்துவிட்டேன்.